கவிழ்க்கக் கூடாத வாளி

1

நான் இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடம் நிறைந்த கிழமையில், அரசாங்கம் எங்கள் வீட்டுக்கு நுளம்பு கொண்டுவந்து தந்தது.

நுளம்பு, அதாவது கொசு, பிடிக்க வரவில்லை. புகை அடிக்க வரவில்லை. வளர்க்கச் சொல்லித் தந்துவிட்டுப் போனார்கள். இதை ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் எனக்கு வயது போய்விட்டது என்று நினைப்பீர்கள். வயது போனது உண்மைதான், எழுபத்திரண்டு. ஆனால் நுளம்பும் உண்மை.

நான் இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரையில் பீ.எச்.ஐ. ஆக, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். சந்தையில் மீனை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக் கடைக் குசினிகளில் மூடி வைத்த சட்டிகளைத் திறந்து பார்த்து, திறந்ததற்காக வருந்தியும் இருக்கிறேன். ஆனால் ஊரில் என்னைத் தெரிந்தது ஒரே ஒரு காரியத்துக்காகத்தான். தண்ணீர் நிற்கிற எதைக் கண்டாலும் கவிழ்ப்பேன். சிரட்டை, தயிர்முட்டி, பழைய டயர், ஐஸ்கிறீம் கப், பிள்ளைகளின் விளையாட்டுச் சட்டி. ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வைத்திருந்த செம்பையும் கவிழ்த்துவிட்டேன். மாப்பிள்ளை காய்ந்த காலோடு பெண் வீட்டுக்குள் போனார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'கவிட்டி சேர்'. முகத்துக்கு முன்னால் 'சேர்' மட்டும். முதுகுக்குப் பின்னால் முழுப்பெயர்.

இப்போது நானும் மனைவி நபீசாவும் அவுஸ்திரேலியாவின் வடக்கே ஒரு நகரத்தில், மகள் வீட்டில் இருக்கிறோம். வெக்கை, மழை, மாமரம் மூன்றும் உள்ள இடம். ஆகவே டெங்குக்கும் பிடித்த இடம்.

நுளம்பு கொண்டுவந்தவர் நகரசபைச் சுகாதாரப் பிரிவைச் சேர்ந்த டெபோரா என்ற இளம்பெண். காலில் சப்பாத்து, தலையில் தொப்பி, கையில் ஒரு வெள்ளை வாளி. மூடியில் துளைகள். உள்ளே ஒரு துண்டுக் கடதாசியில் நுளம்பு முட்டைகள். அவற்றுக்குத் தின்ன மாத்திரை மாதிரி ஒரு குளிசை. தண்ணீர் நாங்கள் ஊற்ற வேண்டும். முட்டை பொரித்து, குடம்பியாகி, நுளம்பாகி, துளை வழியே பறந்து போகும். அந்த நுளம்புகளின் உடம்புக்குள் ஒரு கிருமியை ஏற்றி வைத்திருக்கிறார்களாம். அந்தக் கிருமி இருக்கிற நுளம்புக்குள் டெங்கு வளராதாம். இவை ஊர் நுளம்புகளோடு கலந்து, கொஞ்சக் காலத்தில் ஊர் நுளம்பு எல்லாமே டெங்கு பரப்பத் தெரியாத நுளம்பாகிவிடுமாம்.

நான் கதையை முழுவதும் கேட்டேன். பிறகு என் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். என் ஆங்கிலம் சுற்றறிக்கை படித்துப் பழகிய ஆங்கிலம். வாயைத் திறந்தால் 'மேற்படி விடயம் தொடர்பாக' என்றுதான் தொடங்கும். பஸ்காரரிடம் இறங்குமிடம் கேட்டாலும் அப்படித்தான்.

"மேற்படி விடயம் தொடர்பாக, இதற்கு எழுத்துமூலமான அனுமதி உண்டா?" என்றேன்.

"உங்கள் மகள் கையெழுத்து வைத்துவிட்டார்" என்றார் டெபோரா.

மகள் இங்கே ஆஸ்பத்திரியில் தாதி. பெற்று வளர்த்து, தடுப்பூசி எல்லாம் நேரத்துக்குப் போட்டு ஆளாக்கிய பிள்ளை, என் முதுகுக்குப் பின்னால் நுளம்புக்குக் கையெழுத்து வைத்திருக்கிறாள்.

வாளியின் ஒரு பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். அதில் எழுதியிருந்ததன் சாரம்: தயவுசெய்து கவிழ்க்க வேண்டாம்.

நபீசா அதை என்னிடம் கேட்டு விளங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தாள். "இது உங்களுக்கெண்டே எழுதினதுகா" என்றாள்.

2

ஊரில் டெங்கு எப்படி நடந்தது என்று ஊரவர்களுக்கே சொல்வது கூத்துத்தான். ஆனாலும் அரசாங்கக் கந்தோருக்கு உள்ளே எப்படி நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

சுகாதாரத்தை நடத்துவது கொழும்பு. கொழும்பில் மழை வைகாசியில். ஆகவே வைகாசி வந்தால் அங்கே மழை பெய்யும். எங்களுக்குச் சுற்றறிக்கை பெய்யும். உடனடியாக டெங்கு வாரம் நடத்துக, வீடு வீடாகப் போகுக, தண்ணீர் நிற்கும் பாத்திரங்களை எண்ணி அனுப்புக. எங்கள் கரையில் வைகாசியில் கிணற்றிலேயே தண்ணீர் நிற்காது, பிறகு சிரட்டையில் எங்கே நிற்கும்? ஆனாலும் போனோம். ஒரு வருடம் நான் ஒரே தெருவில் நூற்றுப் பதினெட்டுச் சிரட்டை எண்ணினேன். எல்லாம் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தன. குடம்பி பூச்சியம். மேலே இருந்து பாராட்டு வந்தது.

எங்கள் மழை கார்த்திகையில். அப்போது ஊர் முழுவதும் வெள்ளம், சிரட்டைக்குச் சிரட்டை குடம்பி. சுற்றறிக்கை இல்லை, மருந்து இல்லை, புகை அடிக்கிற யந்திரத்துக்கு எண்ணெய் இல்லை. எல்லாம் வைகாசியில் முடிந்துவிட்டது.

இடையில் வடிகான் ஒன்று. நான் வேலை பார்த்த ஒரு பிரிவில் இருந்தது. இடப்பெயர் வேண்டாம், ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அந்த வடிகானுக்குச் சொந்தக்காரர் நாலு பேர். தெருவுக்குப் பக்கத்தில் ஓடுவதால் வீதிக்காரர். குப்பை கிடப்பதால் சபைக்காரர். கடைசியில் வயல் வாய்க்காலில் விழுவதால் நீர்ப்பாசனக்காரர். நுளம்பு இருப்பதால் நாங்கள். கூட்டம் வைத்தால் நாலு பேரும் வருவோம், வடை சாப்பிடுவோம், வடிகான் மற்ற மூன்று பேருடையது என்று நிரூபிப்போம். நுளம்பு மட்டும்தான் அதைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டது.

மக்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? என் மோட்டார் சைக்கிள் சத்தம் தெரு முனையில் கேட்டதும் டயரெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சிரமதானம் என்று அறிவித்தால் ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்து, தன் வளவுக் குப்பையைப் பக்கத்து வளவுக்குத் தள்ளுவார்கள். குடம்பி நெளிகிற வாளியைக் காட்டினால், "அது நுளம்பு இல்ல சேர், அது சும்மா பூச்சி" என்பார்கள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் சிவப்பு நோட்டீஸ் ஒட்டுவேன், வாசல் படலையில், தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற உயரத்தில். பதினாலாம் நாள் போய்ப் பார்ப்பேன். சுத்தமாக இருந்தால் நோட்டீஸின் அடியில் 'மறுபரிசோதனை: சரி' என்று எழுதி ஒப்பம் வைப்பேன். அதுவரை கிழிக்கக் கூடாது. வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆள் வந்தாலும் கிழிக்கக் கூடாது. இதனால் இரண்டு சம்பந்தம் பிந்தியது என்று என் மீது இன்னமும் கோபம் உண்டு.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் பிரிவில் குடம்பி எண்ணிக்கை கூரையைத் தொட்டது. என் மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டு, "சேர், இந்தக் கிழமைக்குப் பூச்சியம் எண்டு போடுங்க. மேல கேக்கிறாங்க" என்றார். நான் எண்ணியதைத்தான் போட்டேன். அடுத்த மாதம் என்னைக் களஞ்சியசாலைக்கு மாற்றினார்கள். அங்கே கூட்டுகிற தும்புத்தடி எண்ணினேன். அதையும் சரியாகவே எண்ணினேன்.

இங்கே நகரசபைக்குப் போன் செய்ய ஒரே இலக்கம். வடிகானா, நாயா, மரமா, எல்லாம் அதிலேயே. நான் ஒருமுறை எங்கள் தெரு வடிகான் அடைத்திருக்கிறது என்று முறைப்பாடு செய்தேன். கடிதம் எழுதி, நினைவூட்டல் எழுதி, இரண்டாம் நினைவூட்டல் எழுதி, கூட்டத்துக்குப் போய், நாலு மாதம் ஓட்டலாம் என்று ஆயத்தமாக இருந்தேன். மறுநாளே வந்து துப்புரவாக்கிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குப் பொழுது போகவில்லை.

3

வாளியின் சொந்தக்காரி என் பேத்தி அம்னா. ஒன்பது வயது.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஒரு வாளி ஒதுக்கி, அதை வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்தார்கள். இருபத்தி நாலு பேர் கை தூக்கினார்களாம், சீட்டு அம்னாவுக்கு விழுந்தது. வெள்ளிக்கிழமை டெபோரா வந்து எத்தனை குடம்பி வந்தது என்று பார்ப்பார். திங்கட்கிழமை அம்னா வகுப்பின் முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அம்னாவும் நானும் கதைப்பது குறைவு. நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்; நான் ஆங்கிலத்தில் கேட்டால் அவள் சிரிப்பாள். அவளிடம் உள்ள தமிழில் பாதி சாப்பாடு, மீதி நபீசாவிடம் வாங்கிய ஏச்சு. போன வருடம் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதியபோது என்னைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தாள். மூத்தாப்பா டீவி சத்தமாக வைப்பார்.

வாளி வந்ததும் எல்லாம் மாறியது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் பையைக்கூட இறக்காமல் என்னிடம்தான் ஓடிவருவாள். மாமரத்தடியில் இருவரும் குந்திக்கொண்டு மூடியைத் திறப்போம்.

"மூத்தாப்பா, அவங்க சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க."

"ஏன் அவங்க தலகீழா இரிக்காங்க?"

"வாலாலதான் மூச்சு விடுறது. அதான்."

"வாலாலயா? நீ பொய் சொல்ற."

என்னை 'நீ' என்பாள், குடம்பியை 'அவங்க' என்பாள். நான் திருத்தவில்லை. ஆறு வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு என்னிடம் கேட்க ஏதோ இருந்தது. தாதியாய் இருக்கிற உம்மாவுக்கும், கணினியில் வேலை செய்கிற வாப்பாவுக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய கணக்கில் ஐம்பத்தெட்டுக் குடம்பி. என் கணக்கில் ஐம்பத்தைந்து. இதில் ஒவ்வொரு பின்னேரமும் சண்டை பிடிப்போம். எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. ஊரில் கொன்றதை எல்லாம் சேர்த்தால் எத்தனை லட்சமோ. இந்த ஐம்பத்தைந்தையும் யாராவது தொட்டால் அடிப்பேன் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை. சுபஹு தொழுதுவிட்டு வழக்கம்போல் பின்வளவில் நடந்தேன். மூக்குக் கண்ணாடி வுழூ செய்து முகம் கழுவும்போது கழற்றியது, உள்ளே இருந்தது. தோட்டத்துப் பைப்புக்குப் பக்கத்தில், சுவரோரம், வெள்ளையாக ஒரு வாளி. காலால் தட்டிப் பார்த்தேன், உள்ளே தண்ணீர்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பு இல்லை. என் கை பொறுப்பு. மூடியை இழுத்து எறிந்தது, புல்லில் கவிழ்த்தது. அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, ஆகவே உரசிக் கழுவ வேண்டும் என்று ஊரில் எத்தனை ஆயிரம் வீட்டில் சொல்லியிருப்பேன்! பைப்படியில் கிடந்த பிரஷை எடுத்து உள்சுவரைச் சுற்றிச் சுற்றி உரசினேன். உள்ளே ஏதோ கடதாசி ஒட்டியிருந்தது. அதையும் சுரண்டி எடுத்தேன். கவிழ்த்து வைத்துவிட்டு, நல்ல வேலை செய்தேன் என்று கையை உதறினேன்.

அப்போதுதான் மஞ்சள் ஸ்டிக்கர் தெரிந்தது. இவ்வளவு நேரமும் அது சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது தலைகீழாக என்னைப் பார்த்தது.

முதல்நாள் பின்னேரம் மருமகன் புல் வெட்டினார். வெட்டும்போது வாளியை மாமரத்தடியால் தூக்கிப் பைப்படியில் வைத்திருக்கிறார். கவனமாகத்தான் வைத்திருக்கிறார்.

4

அம்னா பள்ளிக்கூடம் போய், ஊரில் விடியும்வரை காத்திருந்து, நபீசாவிடம் சொல்ல முதல் ஊர்ப்பக்கத்துச் சொறிக்கல்முனைக்குப் போன் எடுத்தேன். அங்கே தங்கராசா இருக்கிறார். அவரும் ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ.; என்னோடு சேர்ந்து வேலை பார்த்தவர். இப்போது வயலும் வட்ஸ்அப்பும். எனக்கு ஒரு பிரச்சினை என்றால் தங்கராசாவிடம்தான் கேட்பேன். கேட்டு, அவர் சொல்வதற்கு மாறாகச் செய்வேன். எப்போதும் சரிவரும்.

விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் இருமல். பிறகு அது இருமல் இல்லை, சிரிப்பு என்று விளங்கியது. என்னை அண்ணன் முறைக்குக் காக்கா என்கிற அவர் மனைவி போனை வாங்கி, "என்ன காக்கா, அவருக்கு நெஞ்சுக்க ஏதும் செய்யுதா?" என்று கேட்கிற அளவுக்குச் சிரிப்பு.

"உரசியுமா கழுவின மச்சான்?" என்றார் மூச்சு வந்ததும்.

"ஓம். உரசித்தான்."

"நீ வேலையில இரிக்கக்க இப்பிடி ஒரு வாளி கழுவினதில்ல. கழுவினது அரசாங்கத்திட வாளியாப் போச்சு, அதான்."

"டேய், பகிடிய விடு. நாளைக்கு அந்தப் பொம்புள வாறா. புள்ளைக்கு என்னண்டு சொல்ற?"

"ஏன் சொல்ற? வேற குடம்பியப் புடிச்சுப் போடு. குடம்பியில பேரா எழுதியிரிக்கு? அதே சாதி, அதே நெளிவு. அந்தப் பொம்புள எண்ணுவா, போவா. புள்ளைக்குச் சந்தோசம், உனக்கு மரியாதை, நுளம்புக்கும் வீடு."

தங்கராசா சொல்வதற்கு மாறாகச் செய்வதே என் வழக்கம் என்று மேலே எழுதினேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

5

குசினியில் ஒரு வெள்ளைக் கோப்பையும் அகப்பையும் எடுத்தேன். இருண்ட மூலைக்கு ஒரு டோர்ச். ஊரில் என் ஆயுதம் இவ்வளவுதான்.

ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு அகப்பைக்குப் பத்துக் குடம்பி அள்ளியவன் நான். அந்த நம்பிக்கையோடு தெருவில் இறங்கினேன். மழைத்தண்ணீர் ஓடுகிற கூரைப் பீலிகளுக்கெல்லாம் வலை. பூச்சாடிகளுக்குக் கீழே மண் நிரப்பியிருக்கிறார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் குருவி குளிக்கிற கல்தொட்டி இருந்தது; கோப்பையை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தால் பளிங்கு மாதிரித் தண்ணீர். ஒரு டயர்கூட இல்லை. என்ன ஊர் இது!

கல்தொட்டி வீட்டுக்காரி, என் வயதுதான் இருக்கும், வெளியே வந்தார். பூனை தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

"மேற்படி விடயம் தொடர்பாக, உங்கள் வளவில் நுளம்புக் குடம்பி ஏதும் உண்டா?" என்றேன்.

அவருடைய முகம் சிவந்தது. தன் வளவில் அப்படி ஒன்றும் கிடையாது, ஒருநாளும் இருந்ததில்லை என்றார். ஊரிலும் எல்லாரும் இதே பதிலைத்தான் சொல்வார்கள், இதே கோபத்தோடு. வித்தியாசம் என்னவென்றால், இவர் சொன்னது உண்மை. உண்மை பேசுகிற சனத்தோடு என்ன செய்வதென்று எனக்குப் பழக்கமில்லை.

தெருத்தெருவாக அலைந்து, பின்னேரம் வெறுங்கோப்பையோடு வீட்டுக்கு வந்தேன். நபீசா பின்வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கவிழ்ந்த வாளியைக் கண்டுவிட்டாள் என்று விளங்கியது.

"கிடைச்சிச்சா?"

"இல்ல. இந்தத் தெருவில ஒரு குடம்பி இல்ல."

"இரிக்கு. இஞ்ச வாங்க."

என்னைக் கூட்டிக்கொண்டு போய் என் கறிவேப்பிலைச் சாடிக்கு முன்னால் நிறுத்தினாள். அந்தச் சாடி என்னுடையது. யாரையும் தொட விடமாட்டேன், தண்ணீர்கூட நான்தான் ஊற்றுவேன். நிரம்ப ஊற்றுவேன். ஊற்றுகிற தண்ணீர் வழிந்து கீழே இருக்கிற தட்டில் நிற்கும்.

தட்டில் குடம்பி நெளிந்தது. கண்ணாடியைப் போட்டு எண்ணினேன். பதினேழு.

"ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டின ஆள்" என்றாள் நபீசா.

பதினேழையும் கோப்பையில் அள்ளினேன். நல்ல வளர்ச்சி. கவிழ்ந்த வாளியை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினேன். கோப்பையை வாளிக்கு மேலே பிடித்தேன்.

பிடித்தபடியே நின்றேன்.

தங்கராசா சொன்னது சரிதான், பேர் எழுதியில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அம்னாவின் குடம்பிக்குள் கிருமி இருந்தது, அதனால் அது ஆளைக் கொல்லாது. இந்தப் பதினேழுக்குள் ஒன்றும் இல்லை. இவை பழைய ஆட்கள், ஊரில் நான் துரத்தித் திரிந்த அதே ஆட்கள். டெங்குக் காய்ச்சலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய வாப்பாமாரை நான் பார்த்திருக்கிறேன். இவற்றை அரசாங்கத்தின் வாளியில், அரசாங்கத்தின் குளிசையைப் போட்டு வளர்த்து, துளை வழியே பறக்கவிட்டு, 'பதினேழு' என்று டெபோராவிடம் கணக்குக் கொடுப்பதா? மேலே கேட்கிறார்கள் என்பதற்காகப் பூச்சியம் எழுத மறுத்து, தும்புத்தடி எண்ணப் போனவன் நான். இப்போது என்னிடம் கேட்பது மேலே இருக்கிறவர்கள் இல்லை, ஒன்பது வயதுப் பேத்தி. அதுதான் கஷ்டம். மேலே இருக்கிறவர்களுக்கு மறுப்பது லேசு.

அப்படி நிற்கும்போது பள்ளிக்கூடத்தால் அம்னா வந்துவிட்டாள், முதுகில் பை.

"மூத்தாப்பா! அவங்க ஏன் வெளிய வந்தாங்க?"

கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். "பெரிசாகிட்டாங்க!" என்றாள். முகம் முழுவதும் சிரிப்பு. நான் தலையை ஆட்டினால் போதும். ஒரு சொல்கூடச் சொல்லத் தேவையில்லை.

"இவங்க உங்கட ஆக்கள் இல்ல மகள்" என்றேன். "உங்கட ஆக்கள நான் ஊத்திட்டன். கண்ணாடி போடல்ல. வாளியக் கண்டன், கவிட்டுட்டன்."

அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து ஆங்கிலத்திலும் சொல்லத் தொடங்கினேன். 'மேற்படி' வரைக்கும் வந்தேன். அவளுக்கு முதலிலேயே விளங்கிவிட்டது. அழவில்லை. அழுதிருந்தால் நல்லது. புல்லில் காய்ந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

"ஐம்பத்தெட்டு?"

"ஐம்பத்... ஓம். ஐம்பத்தெட்டு."

"அப்ப இவங்க ஆரு?"

"இவங்க கெட்ட ஆக்கள். டெங்குக்காரர்."

"எங்க இருந்தாங்க?"

நான் கறிவேப்பிலைச் சாடியைக் காட்டினேன். அவள் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஊரில் எத்தனையோ பேரை நான் பார்த்த பார்வை. அந்தப் பார்வை பார்க்கப்படுகிறவருக்கு எப்படி இருக்கும் என்பதுதான் அதுவரை தெரியாது.

கோப்பையை என் கையால் வாங்கி வெயில் விழுகிற கொங்கிறீட்டில் கவிழ்த்தாள். கோப்பையை உரசிக் கழுவினாள். தட்டையும் கழுவினாள். பிறகு என்னோடு கதைக்காமல் உள்ளே போய்விட்டாள்.

6

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கடைக்கும் போய், பின்னேரம் வந்தால் டெபோரா பின்வளவில் நிற்கிறார். அம்னா முழு அறிக்கையும் கொடுத்துவிட்டாள். வாளி, பிரஷ், கறிவேப்பிலை ஒன்றும் விடவில்லை.

டெபோராவின் கையில் கண்ணாடிப் பலகை மாதிரி ஒன்று. அதில் காரணத்தைத் தொட வேண்டும். வாளி கவிழ்ந்ததற்கு அவர்கள் எழுதி வைத்திருக்கிற காரணங்கள் நாலு: நாய், காற்று, சிறு பிள்ளை, மற்றவை.

"பெரும்பாலும் நாய்தான்" என்றார் டெபோரா சிரித்துக்கொண்டு. "உங்களுக்கும் நாய் என்று போட்டுவிடவா? யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்."

தேசம் மாறினாலும் உத்தியோகத்தர் மாறுவதில்லை. எல்லா இடத்திலும் நல்ல மனதோடுதான் பொய் எழுதச் சொல்கிறார்கள். "மேற்படி விடயம் தொடர்பாக" என்று நான் தொடங்க, அம்னா குறுக்கிட்டு 'மற்றவை' என்பதைத் தானே தொட்டாள். அதற்கு எதிரே எழுத இடமிருந்தது. மூத்தாப்பா என்று ஆங்கிலத்தில் எழுதினாள். ஆக, இந்த நாட்டுச் சுகாதார ஆவணத்தில் நாயோடும் காற்றோடும் சேர்த்து என் பெயரும் இருக்கிறது.

டெபோரா தன் பையில் இருந்து இன்னொரு துண்டுக் கடதாசியை எடுத்தார். இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் உபரி கொண்டுவருவார்களாம். திங்கட்கிழமை வகுப்புக்கு என்ன சொல்வது என்று அம்னா கேட்டாள். நடந்ததைச் சொல், அதுவும் ஆராய்ச்சிதான் என்றார் டெபோரா. சொன்னாள். வகுப்பு முழுவதும் சிரித்ததாம். ஒரு பையன் தன் வீட்டு நாயின் பெயரும் அதே பக்கத்தில் இருக்கிறது என்று பெருமைப்பட்டானாம்.

புது முட்டை வாளிக்குப் போன அன்று மாலை, என் அறைக் கதவில் ஒரு சிவப்புக் கடதாசி ஒட்டியிருந்தது. நபீசா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வேறு யாருக்குத் தெரியும்? மேலே ஒரு பெரிய நுளம்பின் படம், பக்கத்தில் தாடியோடு ஒரு ஆளின் படம், ஆளின் மேல் குறுக்குக் கோடு. பதினாலு நாளைக்கு வாளிக்குக் கிட்டப் போகக் கூடாது என்று ஆங்கிலத்தில். அடியில் மறுபரிசோதனைக்கு ஒரு வெற்றிடம். வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரும் வாசித்தார்கள். மருமகன் படம் எடுத்தார். அடுத்த நாள் அது சொறிக்கல்முனையில் இருந்தது. தங்கராசா குரல் செய்தி அனுப்பினார். அதில் குரல் இல்லை, சிரிப்பு மட்டும்தான். நான் கிழிக்கவில்லை. கிழிக்கக் கூடாது என்பது என் சட்டம்.

பின்வளவுக்குப் போக அம்னாவிடம் அனுமதி கேட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கதைப்பாளோ மாட்டாளோ என்று தூரத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் தனியாகக் குந்திக்கொண்டு எண்ணுவாள். எண்ணிக்கையைச் சொல்லமாட்டாள். கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

பதினாலாம் நாள் பின்னேரம் அப்படி உட்கார்ந்திருக்கும்போது, வாளித் துளையால் ஒன்று வெளியே வந்தது. இன்னொன்று. கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையம். எனக்குத் தெரிந்த உருவம். அதில் ஒன்று சுற்றிச் சுற்றிப் பறந்து வந்து என் இடது கையில் உட்கார்ந்தது.

வலது கை தானாக மேலே எழும்பியது.

"அடிக்காத மூத்தாப்பா!" அம்னா ஓடிவந்தாள். "அவங்க நம்மட ஆக்கள்!"

வலது கையை வானத்தில் பிடித்தபடி வைத்திருந்தேன். நுளம்பு ஆறுதலாக இடம் பார்த்தது. ஊசியை இறக்கியது. அம்னா என் முழங்கையோடு முகத்தை வைத்துப் பார்த்தாள். நான் அசையவில்லை, மூச்சும் விடவில்லை. வயிறு சிவந்து பருத்தது. குடித்து முடித்து, நன்றியும் சொல்லாமல், கல்தொட்டி வீட்டுப் பக்கமாகப் பறந்து போனது.

"குத்திச்சா?" என்றாள்.

"குத்திச்சு."

"நல்லாவா?"

"நல்லா."

அவள் உள்ளே ஓடினாள். பேனையோடு வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறைக் கதவுக்குப் போனாள். சிவப்புக் கடதாசியின் அடியில், வெற்றிடத்தில், 'சரி' என்று தமிழில் எழுதினாள். ரகரத்துக்குக் கால் கொஞ்சம் நீளம். ஒப்பமும் வைத்தாள்.

"இப்ப எத்தின பேர் இரிக்காங்க?" என்று கேட்டேன்.

"அறுபத்தி ரெண்டு. நீ வந்து எண்ணு."

போய் எண்ணினேன், கையைச் சொறிந்துகொண்டு. அறுபது.